என் நாக்கில் விழுந்த வெளிச்சம்

எங்க தெருவுல முளைப்பாரி எடுக்கையில மொதக் குலவை என்னோடதுதான். நானாச் சொல்லிக்கிற பீத்தல் இல்ல. சின்னமனூருக்குத் தெக்க எங்க ஊருல எறங்கி யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. கல்யாணம் முடிஞ்சு இந்த ஊருக்கு வந்த வருசம் கூட்டத்தோட கூட்டமா நின்னுதான் போட்டேன். மறுவருசமே, "ஏத்தா, நீ முன்னால வந்து நில்லு"ன்னு கூப்பிட்டுட்டாக. அன்னையில இருந்து நான் போட்டப்புறந்தான் மத்தவுக போடுவாக. குலவைன்னா வாயைத் தொறந்து கத்துறது இல்ல. அடிவயித்துல மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, நாக்கை வாய்க்குள்ள இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் அடிக்கணும். நாக்கு கொஞ்சம் சோம்புனாலும் சத்தம் நொண்டியடிக்கும். என் நாக்கு நொண்டியடிச்சதே இல்ல.

பொழப்பும் அந்த நாக்கை வச்சுத்தான். எங்களுக்கு நாத்துப் பண்ணை. நிழல்வலைக் கூடாரம் போட்டு, குழித்தட்டுல தக்காளி, மொளகா, கத்திரின்னு நாத்து விட்டு விவசாயிகளுக்குக் குடுக்குறோம். வருசநாட்டுல இருந்துகூட வண்டி போட்டு வந்து வாங்கிட்டுப் போவாக. வர்றவுககிட்டப் பேசுறது, தண்ணி விடுற பொம்பளைகளை வேலை வாங்குறது, கரண்டு ஆபீசுல சண்டை போடுறது எல்லாம் நாந்தான். எங்க வீட்டுக்காரரு வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துரும்னு இருக்குற ஆளு. நாத்தைப் பாப்பாக, வானத்தைப் பாப்பாக, என்னையப் பாப்பாக, அம்புட்டுதான். "ஒனக்கும் சேத்து அவதான் பேசுறாளே"ன்னு ஊரு கேலி பண்ணும். பண்ணிட்டுப் போகட்டும். நான் பேசாட்டி எங்க பண்ணையில ஒரு தட்டு நகராது.

அந்த நாக்குலதான் ஒரு புண்ணு வந்துச்சு. எடது பக்க ஓரத்துல, கடவாப்பல்லு ஒடைஞ்சு கூர்மையா நின்ன எடத்துக்கு நேரா. வாய்ப்புண்ணுதானேன்னு மணத்தக்காளிக் கீரையைத் தேங்காப்பால் ஊத்தித் தின்னேன். ஆறல. மாதுளந்தோலைக் காய வச்சுப் பொடிச்சுத் தடவுனேன். அதுக்கும் மசியல. குழம்புல காரம் பட்டா உசுரு போயிட்டு வந்துச்சு. தேனியில பல்லு டாக்டருகிட்டப் போனா, அந்தப் பையன் கண்ணாடி வச்சுப் பாத்துட்டு, "ஏம்மா, பொகையில போடுவீங்களா?"ன்னு கேட்டுச்சு. போடுவேன். கொமரியா இருக்கையில மலையில ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போவேன். குளுருக்கு வெத்தலையோட ஒரு கிள்ளுன்னு பழகுனது, மலையை விட்டு எறங்கியும் என்னைய விடல. துணுக்கு வெட்டி டெஸ்டுக்கு அனுப்புனாக. ரிசல்ட்டை வாங்குன எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரி வாசல்ல அப்படியே குத்தவச்சு ஒக்காந்துட்டாக. கேன்சர்.

எனக்கு அழுகை வரல, கோவந்தான் வந்துச்சு. ஒடம்புல எம்புட்டு எடம் இருக்கு, நாக்குதானா கெடச்சுச்சு ஒனக்குன்னு அந்தப் புண்ணைத் திட்டுனேன்.

ஆபரேசன் பண்ற டாக்டரு நம்ம பக்கத்து ஆளு. ஒளிக்காமப் பேசுனாக. "நாக்குல அந்தப் பக்கம் கொஞ்சம் வெட்டி எடுக்கணும். சாப்பிடலாம், பேசலாம். ஆனா பேச்சு கொஞ்சம் மாறும்"னாக. நான் கேட்டேன், "சார், குலவை போட முடியுமா?" அவுக பேனாவைக் கீழ வச்சாக. "எங்கம்மா போடும். நாக்கு என்ன பாடு படும்னு எனக்குத் தெரியும். அது கஷ்டந்தாம்மா"ன்னாக. பொய் சொல்லாம இருந்ததுக்காகவே அந்த மனுசனை எனக்குப் பிடிச்சுப் போச்சு. கொஞ்ச நேரம் ஸ்கேனைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு அவுகளே சொன்னாக: "ஒங்களுக்கு மேலாப்ல மெலிசா இருக்கு, கழுத்துக்கு எறங்கல. வெளிச்சத்தை வச்சுச் செய்யுற வைத்தியம் ஒண்ணு இருக்கு. எல்லாருக்கும் ஆகாது, எல்லா ஊருலயும் கெடையாது. எனக்குத் தெரிஞ்ச டாக்டரம்மா ஒருத்தக செய்றாக. அவுக பாத்துட்டு ஆகும்னா செய்ங்க. ஆகாதுன்னா நாள் கடத்தாம எங்கிட்ட வந்துரணும்."

வீட்டுல வந்து சொன்னதும் என் நாத்தனா குதிச்சா. எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி, அடுத்த வீடு. வாய்ச்சண்டையில எனக்கு ஈடு குடுக்குற ஒரே ஆளு இந்த ஊருல அவதான். "வெட்டித் தூரப் போட்டுட்டு உசுரோட இரு மதினி! வெளிச்சம் காட்டுனாப் புண்ணு போயிருமாக்கும்? அதுக்கு எதுக்கு அம்புட்டுத் தொலவு போகணும், எங்க வீட்டு டார்ச் லைட்டை எடுத்தாரவா?" கேலிதான், ஆனா மூக்கு செவந்திருந்துச்சு. நான் பதிலுக்கு வாயெடுக்குறதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு சொன்னாக: "அந்த டாக்டரம்மாகிட்டப் போவோம்." மூணு வார்த்தை. அந்த ஆளுக்கு அது பெரிய பிரசங்கம்.

பெரிய ஊரு, பெரிய ஆஸ்பத்திரி. டாக்டரம்மா மலையாளத்துக்காரவுக, வயசு முப்பத்தஞ்சு இருந்தா அதிகம். என்னையப் பாத்ததும், "சேச்சி, பேடிக்கண்டா"ன்னாக. அக்கா, பயப்படாதீங்கன்னு அர்த்தம். ஏலத்தோட்டத்துல கங்காணியம்மாகிட்டக் கேட்ட பாஷை. "பேடியொந்நும் இல்லா"ன்னு நானும் எடுத்து விட்டேன். கண்ணு விரிஞ்சு சிரிச்சாக. அதுக்கப்புறம் எங்களுக்குள்ள தமிழும் மலையாளமும் கலந்தடிச்சுத்தான் பேச்சு.

அவுக வெவரம் சொன்னாக. மொதல்ல கையில ஊசி வழியா ஒரு மருந்து ஏத்துவாக. அது ஒடம்பு பூராப் போகும். நாலு நாள் போல விட்டா, கெட்ட எடத்துல கூடுதலாத் தங்கும். தங்கி என்ன செய்யும்? ஒண்ணும் செய்யாது, சும்மா கெடக்கும். அப்புறம் அந்தப் புண்ணு மேல மட்டும் சிவப்பு வெளிச்சத்தைப் பாய்ச்சுவாக. வெளிச்சம் பட்டதும் மருந்து முழிச்சுக்கிரும். அங்கன இருக்குற ஆக்சிஜனைப் பிடிச்சு, தான் தங்குன செல்லைக் கொன்னு போட்டுரும். கத்தியும் இல்ல, சூடும் இல்ல.

எனக்குப் பொசுக்குன்னு வெளங்கிருச்சு. "எங்க காட்டுல களைக்கொல்லி ஒண்ணு அடிப்போம் டாக்டர். வெயில் பட்டாத்தான் களை கருகும். மப்புப் போட்ட நாள்ல அடிச்சாச் சும்மா கெடக்கும். அது மாதிரியா?"ன்னு கேட்டேன். "அதே அதே! இனி எல்லாருக்கும் இதையே சொல்லிக்கிடறேன் சேச்சி"ன்னாக. ஆத்தாடி, எனக்கு வந்த பெருமையைப் பாக்கணுமே. எங்க வீட்டுக்காரரைத் திரும்பிப் பாத்தேன், அவுக தலையை ஆட்டிக்கிட்டாக.

ஆனா டாக்டரம்மா அதோட விடல. சிரிப்பை நிறுத்திட்டுச் சொன்னாக: "இது முழுசாப் போகும்னு இப்பச் சத்தியம் பண்ண முடியாது. ஆறுனப்புறம், ரெண்டு மூணு மாசம் கழிச்சு, மறுபடி துணுக்கு எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். மிச்சம் இருந்தா நாக்குல கத்தி வைக்காம முடியாது." அப்புறம் இன்னொண்ணு. மருந்து தோலுலயும் தங்கும். அதனால ஊசி போட்டதுல இருந்து வெயிலே படக்கூடாது. பட்டா அந்த எடம் வெந்து கொப்பளிச்சுப் போகும். கம்பம் பள்ளத்தாக்குல, அதுவும் சித்திரை மாசத்துல, வெயில் படாம இருன்னா, மீனைத் தண்ணி படாம இருன்னு சொன்ன கதைதான். சரின்னேன். நாக்குக்காக நான் எதையும் செய்வேன்.

ஊசி போட்டாக. திரை போட்ட ரூமுல மங்கலான வெளிச்சத்துல வச்சிருந்தாக. வெளிச்சம் பாய்ச்சுற அன்னைக்கு நாக்கை மரத்துப் போக வச்சு, கண்ணுல கறுப்புக் கண்ணாடி மாட்டி, புண்ணைச் சுத்தி ஈரத்துணியால அணை கட்டி மூடுனாக. தலைமுடி மாதிரி மெல்லிசு வயரு ஒண்ணு, அதோட நுனியில இருந்துதான் வெளிச்சம் வரும்னு அதுக்கு முன்னாலயே காட்டியிருந்தாக. என்னமோ பெருசா நடக்கப்போகுதுன்னு பல்லைக் கடிக்கப் பாத்தா, வாய் மூடாம இருக்கப் பல்லுக்கு நடுவுல தாங்கலு வச்சிருக்காக, கடிக்கவும் முடியல. காப்பி ஆறுற நேரந்தான். முடிஞ்சு போச்சுன்னாக. எனக்கு வந்துச்சே ஒரு எரிச்சல்! என் நாக்குல விழுந்த வெளிச்சம் சிவப்பா இருந்துச்சா, எப்படி இருந்துச்சுன்னு அங்கன இருந்த அம்புட்டுப் பேரும் பாத்திருக்காக, எனக்கு மட்டும் காட்டல.

அந்த எரிச்சலைச் சொல்லலாம்னு பாத்தா மறுநாள் நாக்கு வாய் கொள்ளாம வீங்கிருச்சு. யாத்தே, அந்த வலி! புண்ணு இருந்த எடம் வெளுத்து, ஆடை கட்டுன மாதிரி ஆகிப்போச்சு. சாகிற செல்லு அப்படித்தான் இருக்கும், நல்லதுதான்னாக. நல்லதாம்ல, அனுபவிச்சவளைக் கேக்கணும். கஞ்சித்தண்ணியைக் கூட உறிஞ்சித்தான் குடிச்சேன். பேச்சு சுத்தமா இல்ல. பேச்சில்லாத நான் எப்படி இருப்பேன்னு எங்க வீட்டுக்காரரு பாத்ததே இல்லையா, பக்கத்துல ஒக்காந்து பயந்து பயந்து பாத்துக்கிட்டே இருந்தாக.

ஊருக்குக் கெளம்புறப்ப, பொழுது விழுந்தப்புறம் ஏறி, விடியறதுக்குள்ள வீட்டுக்குள்ள போயிரணும்னு பேச்சு. வண்டி நடுவழியில ஒரு எடத்துல டயரு பஞ்சராகி நின்னுருச்சு. ஆண்டிபட்டிக் கணவாய் ஏறுறப்ப பின்னால கெழக்க வெளுக்க ஆரம்பிச்சிருச்சு. நான் கம்பளி, கையொறை, தொப்பின்னு பொட்டலமாட்டம் ஒக்காந்திருக்கேன். எங்க வீட்டுக்காரரு, வாழ்க்கையில யாரையும் அதட்டாத மனுசன், "ஏலே தம்பி, வெரசா மிதி! சூரியன் நம்மளப் பிடிக்கிறதுக்குள்ள வீட்டுக்குப் போகணும்லே!"ன்னு டிரைவரைப் பாத்துக் கத்துனாக. எனக்கு அந்த வலியிலயும் சிரிப்பு வந்து தொலைச்சுது. வீரபாண்டி தாண்டி, வெயில் மலை உச்சியில விழுந்து கீழ எறங்குறதுக்குள்ள வீட்டு வாசல்ல எறக்கி உள்ள தள்ளிட்டாக.

உள்ள போனா, அடியாத்தி, என் நாத்தனா ஒரு வேலை பாத்து வச்சிருந்தா பாருங்க. வெளிச்சம் ஆகாதுன்னு அவளுக்குப் போன்ல சொல்லியிருக்காக. அவளுக்குத் தெரிஞ்ச இருட்டு ஒண்ணே ஒண்ணுதான், முளைப்பாரி வீடு. எங்க பக்கம் முளைப்பாரி போட்டா, தானியம் வெதைச்ச சட்டியெல்லாம் ஒரு வீட்டுக்குள்ள வச்சு, பொட்டு வெளிச்சம் நுழையாம அடைச்சிருவாக. அந்த இருட்டுலதான் பயிரு மஞ்சளா, நெடுநெடுன்னு வளரும். வருசா வருசம் அந்த வீட்டை அடைக்கிறது அவ பொறுப்பு. அதே கணக்கா என் ரூமை அடைச்சிருக்கா. சன்னலுக்கு, மொளகாப் பாத்தியில விரிக்கிற கறுப்பு மல்ச்சிங் சீட்டு. அதுக்கு மேல சாக்கு. கதவிடுக்குல பழைய சேலை. பல்பைக் கழட்டி எடுத்துட்டா. வாசல்ல வேப்பங்கொழை வேற கட்டி, செருப்புக்கால் யாரும் உள்ள போகக்கூடாதுன்னு உத்தரவு.

எனக்கு ஊமைக் கோவம். இருட்டுல நாக்கும் இல்ல, சாடை காட்டலாம்னா கையும் தெரியாது. எழுதிக் காட்டலாம்னா எனக்கு எழுத்து வராது. டம்ளரால தட்டைத் தட்டுனா, "மதினிக்குத் தண்ணி வேணுமாம்"னு ஓடியாருவா. தண்ணி வேணாம்டி, பல்பு வேணும்! எப்படிச் சொல்றது? தட்டத் தட்டத் தண்ணியா வந்துச்சு. சாயங்காலமாத் தெருப் பொம்பளைக வேற வாசல்ல வந்து ஒக்காந்துக்கிட்டு, என்னைய முளைப்பாரிச் சட்டியாட்டம் காவல் காத்தாக. பாவம், அம்புட்டும் பாசம். நல்ல வேளை, கும்மி அடிக்கல.

நாலஞ்சு நாள் அப்படிக் கெடந்தேன். டாக்டரம்மா போன் பண்ணுனாக. எங்க வீட்டுக்காரரு பெருமையா, "பொட்டு வெளிச்சம் இல்ல டாக்டர், சுத்தமா அடைச்சு வச்சிருக்கோம்"னு சொல்லியிருக்காக. அந்தப் பக்கம், "அய்யோ சேட்டா! அப்படி அல்ல!"ன்னு ஒரு சத்தம். ஸ்பீக்கர்ல எனக்கே கேட்டுச்சு. வெயில்தான் ஆகாது, கூசுற லைட்டு ஆகாது. வீட்டுல எரியிற சாதாரண பல்பு வேணும். அந்த லேசான வெளிச்சந்தான் தோலுல தங்குன மருந்தைக் கொஞ்சங் கொஞ்சமாத் தீக்கும். ஒரேயடியா இருட்டுல வச்சா மருந்து அப்படியே கெடக்கும், என்னைக்கு வெளிய வந்தாலும் அன்னைக்கு வெந்து போவாகன்னு சொன்னாக. ஆஸ்பத்திரியில இருந்து கெளம்புறப்பவே நர்சம்மா சொன்னதுதான். எங்க வீட்டுக்காரரு காதுல "வெளிச்சம் ஆகாது"ங்கிறது மட்டும் நின்னுருச்சு, மிச்சம் என் வலியைப் பாத்த பதட்டத்துல ஓடிப்போச்சு.

நாத்தனாளும் கதவு கிட்ட நின்னு கேட்டிருக்கா. "மதினியக் காப்பாத்துறேன்னு கெடுத்துட்டேனா?"ன்னு தேம்புனா. நான் இருட்டுக்குள்ள தடவி அவ கையைப் பிடிச்சு அமுக்குனேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சுது.

அப்பத்தான் எங்க வீட்டுக்காரரு போனுல கேட்டாக: "அப்ப நாத்தைப் பழக்குற மாதிரிப் பழக்கணும், அப்படித்தான டாக்டர்?" நிழல்வலைக்குள்ள வளந்த நாத்தை அப்படியே கொண்டு போயிக் காட்டுல நட்டா ஒரே வெயில்ல சுருண்டுரும். குடுக்குறதுக்கு முன்னால கொஞ்சம் கொஞ்சமா வெளிச்சத்தைக் கூட்டி, காத்தைக் காட்டி, தெம்பாக்கணும். எங்க பண்ணையில அதுதான் அவுக வேலை. நாத்து வாங்குறவுக எங்ககிட்டத் தேடி வர்றதே அதுக்குத்தான். டாக்டரம்மா, "அதே. ஆனா ஒவ்வொரு படிக்கும் எங்கிட்டக் கேட்டுட்டுச் செய்யணும்"னாக.

அன்னையில இருந்து என் வைத்தியம் அவுக கைக்குப் போச்சு. மொதல்ல மூலையில ஒரு குட்டி பல்பு. ஆகா, எத்தனை நாளைக்கப்புறம் என் நாத்தனா மூஞ்சியப் பாத்தேன்! அழுது வீங்கிக் கெடந்துச்சு. அப்புறம் மஞ்சப் பல்பு. அப்புறம் டியூப் லைட்டு. ஒவ்வொண்ணுக்கும் டாக்டரம்மாவுக்குப் போன். சீட்டைப் பிரிச்சுட்டு, வெயில் எறங்காத வடக்குச் சன்னல்ல நிழல்வலையை மடிச்சு மடிச்சுக் கட்டுனாக. சில நாள் கழிச்சு ஒரு மடிப்பு எடுப்பாக, என் கைத்தோலைத் திருப்பித் திருப்பிப் பாப்பாக. எலையப் பாக்குற அதே பார்வை. பண்ணையில நாத்துக்குத் தண்ணி விட்டாகளோ இல்லையோ, என் சன்னலு தப்பல. பேசத் தெரியாத மனுசன்னு நெனச்சிருந்தேன். அந்த ஆளு பேசுறதே இப்படித்தான்னு அப்பத்தான் எனக்கு ஒறைச்சுச்சு. இப்படி ஒருத்தனைக் கட்டுனதுக்கு எனக்குப் பெருமைதான், சொல்றதுக்கு என்ன வெக்கம்?

வீக்கம் வடிஞ்சுச்சு. வெளுத்த ஆடை உரிஞ்சு, அடியில செவப்பாப் புதுச் சதை தெரிஞ்சுச்சு. பேச்சு மழலையா வந்துச்சு. ஒரு நாள் எங்க வீட்டுக்காரரு மொளகாத் தட்டுக்குத் தண்ணி விட மறந்துட்டு என் சன்னல்ல வலையை இழுத்துக் கட்டிக்கிட்டு நிக்கிறாக. எனக்கு வந்துச்சு பாருங்க. "பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துக்கிட்டே நின்னா நாத்துக்கு எவன் தண்ணி விடுவான்? அங்கன காஞ்சு கெடக்கு, இங்கன வந்து வலை கட்டுறாகளாம்!"னு ஒரே மூச்சுல திட்டிட்டேன். ஒரு எழுத்து சிந்தாம வந்துச்சு. அந்த மனுசன் வலையைக் கையில பிடிச்சபடியே அழுதாக. திட்டு வாங்கிச் சந்தோசத்துல அழுத ஆளு இந்த ஜில்லாவுல எங்க வீட்டுக்காரரு ஒருத்தராத்தான் இருக்கணும்.

வெயிலுக்குப் போறதுக்கு முன்னால ஒரு பரீச்சை வச்சாக டாக்டரம்மா. காகிதப் பையில சின்ன ஓட்டை போட்டு, கையை உள்ள விட்டு, பொறங்கையில அந்த ஓட்டை வழியா மட்டும் கொஞ்ச நேரம் வெயில் காட்டணும். மறுநாள் வரைக்கும் பொறுத்துப் பாக்கணும். செவந்தா இன்னும் காத்திருக்கணும். மொத தடவை செவந்துச்சு. அடுத்த தடவை ஒண்ணும் ஆகல. அன்னைக்கு வாசப்படியைத் தாண்டி வெளிய வந்து நின்னேன். மேகமலை மேல மேகம் எறங்கிக் கெடந்துச்சு. என் பண்ணையோட பச்சை வலையைப் பாத்ததும் பெத்த பிள்ளையைப் பாத்த மாதிரி இருந்துச்சு.

ஆனா குலவை மட்டும் போட்டுப் பாக்கல. குலவையைப் பத்தி டாக்டரம்மாகிட்டச் சொல்லிக் கேட்டதுக்கு, காயம் நல்லா ஆறுற வரைக்கும் நாக்கை அடிக்க வேணாம்னு சொல்லியிருந்தாக. ஆறிருச்சு, இனி போடலாம்னு சொன்னப்புறமும் நான் போடல. பேச்சு வந்துருச்சு, சோறு எறங்குது. குலவை வரலேன்னா? கேன்சரைக் கேட்டப்ப வராத பயம் அதுக்கு வந்துச்சு. குளிக்கையில கூட வாயைத் தொறந்துட்டு மூடிக்கிருவேன்.

ஆடியில முளைப்பாரி போட்டாக. அதுக்கு ரெண்டு நாள் முன்னாலதான் ஆஸ்பத்திரிக்குப் போயி நாக்குல துணுக்கு எடுத்துக் குடுத்துட்டு வந்திருந்தோம். ரிசல்ட்டு வரல. கத்தி வருமா வராதான்னு தெரியாமத்தான் அன்னைக்குச் சாயங்காலம் கோயில் முன்னால போயி நின்னேன். ஆடிக்காத்து சீலையைப் பிடிச்சு இழுக்குது. சட்டியெல்லாம் வீட்டுக்குள்ள இருந்து வெளிய வந்துச்சு. மஞ்சப் பயிரு காத்துல ஆடுது. சட்டியைத் தலையில தூக்குற நேரம், மொதக் குலவை விழணும். யாரும் போடல. என் பக்கம் யாரும் திரும்பிக் கூடப் பாக்கல. போடுன்னு சொன்னா என் மனசு நோகும்னு பயம், தாங்களாப் போட்டா என் எடத்தை எடுத்த மாதிரி ஆகும்னு பயம். நாத்தனாளைப் பாத்தேன். அவளுக்கும் நல்லா வரும், அவ போட்டிருக்கலாம். சட்டியை ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு, தூக்காம, தரையையே பாத்துக்கிட்டு நிக்கிறா. நான் போடாட்டி இந்த வருசம் சட்டி ஏறாதுங்கிற மாதிரி ஒரு வீம்பு.

"தூக்குடி!"ன்னேன். மூச்சைப் பிடிச்சேன், போட்டேன்.

வந்துச்சு. மொத அடியில எடது பக்கம் லேசா இழுத்துச்சு. அடுத்த அடியில அதுவும் சரியாப் போச்சு. காத்தை எதுத்துக்கிட்டுப் போச்சு என் குலவை. முழு மூச்சும் தீந்தப்புறந்தான் விட்டேன். அதுக்கப்புறம் தெருவே போட்டுச்சு, அம்புட்டுப் பேரும் சேந்து. நாத்தனா மட்டும் போடல. சட்டியைத் தலையில வச்சுக்கிட்டு, கண்ணைத் தொடைக்கக் கையில்லாம, ஒழுகவிட்டுக்கிட்டே நடந்தா.

சட்டியெல்லாம் ஆத்துல கரைச்சு முடிச்சு, சில நாள்ல ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரூமுக்கு வெளிய பெஞ்சுல நெறையப் பேரு ஒக்காந்திருந்தாக. எனக்குப் பக்கத்துல ஒரு பொம்பளை, வாயைத் துண்டால பொத்திக்கிட்டு, தலை நிமிராம இருந்தா. என் வயசுதான் இருக்கும். என் ரிசல்ட்டே என்னன்னு தெரியல, அவளை நான் என்னத்தைக் கேக்க.

உள்ள கூப்பிட்டாக. டாக்டரம்மா ரிசல்ட்டைத் திருப்பி என் பக்கம் வச்சாக. எனக்கு என்ன வெளங்கும்? அவுக மூஞ்சியைத்தான் பாத்தேன். "ஒந்நும் இல்லா சேச்சி. ஒண்ணுமே இல்ல. தொடர்ந்து வந்து காட்டிக்கிட்டு இருக்கணும். ஆனா இப்ப நாக்கு சுத்தமா இருக்கு"ன்னாக. எங்க வீட்டுக்காரரு நாற்காலியோட கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாக. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். டாக்டரம்மா என் கையைப் பிரிச்சு விட்டுட்டு, "அந்தக் குலவை போட்டீங்களா?"ன்னு கேட்டாக.

"ஆத்தாளுக்குப் போட்டாச்சு. ஒங்களுக்குத்தான் பாக்கி"ன்னேன்.

"எனக்குக் கேக்கணும்."

"இங்கனயா? ஆஸ்பத்திரி அதிரும் டாக்டர்."

"அதிரட்டும்."

எந்திரிச்சு நின்னேன். சீலையை இடுப்புல சொருகுனேன். கோயில்ல போட்டதை விடக் கூடுதலாவே போட்டேன்னு எங்க வீட்டுக்காரரு இன்னைக்கும் சொல்லுவாக. வராண்டாவுல செருப்புச் சத்தம், நர்சுக ஓடியாராக, காவலுக்கு நின்னவரு எட்டிப் பாக்குறாரு. டாக்டரம்மா வாயை மூடிக்கிட்டு நிக்கிறாக, கண்ணு பூராத் தண்ணி.

வெளிய வந்தேன். துண்டால வாயைப் பொத்தியிருந்த பொம்பளை எந்திரிச்சு நின்னு என்னையவே பாத்தா. துண்டை எடுத்துட்டு, மெல்ல நாக்கை நீட்டி, ஓரத்தைத் தொட்டுக் காட்டுனா. எனக்கு இருந்த அதே மாதிரிப் புண்ணு. "ஒனக்கு இது ஆகுமா ஆகாதான்னு உள்ள இருக்குறவுகதான் சொல்லணும் தாயி. எனக்கு ஆச்சு"ன்னேன். நானும் நாக்கை நீட்டிக் காட்டுனேன். எடது ஓரத்துல ஒரு தடம் மட்டும் இருக்கும். அவ கிட்ட வந்து ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் அந்த வலியோடவே, கொழகொழன்னு, கேட்டா.

"இன்னொருக்காப் போடுறீகளா?"

போட்டேன்.